பாதிரியாரின் நாட்குறிப்பும் பசித்த ஊரும்

வாட்டர்லூவை அறிவோம். டிரபால்கரை அறிவோம். நெல்சனின் வீரத்தையும் நெப்போலியனின் வீழ்ச்சியையும் தேர்வுக்காக நெட்டுருப் போட்டிருக்கிறோம். ஆனால், பீரங்கி முழங்கிய அந்த ஆண்டுகளில் இங்கிலாந்தின் சிற்றூர்களில் கோதுமை என்ன விலை விற்றது? எந்த வீட்டில் விருந்து நடந்தது? எந்த வீட்டு அடுப்பு அணைந்து கிடந்தது? மணிமுடிகளின் வரலாறு இதற்கு விடை தருவதில்லை. விடை தேட வேண்டுமானால், ஒரு நாட்டுப்புறப் பாதிரியாரின் நாட்குறிப்பைப் புரட்ட வேண்டும்.

அவர் பெயர் ஜேம்ஸ் உட்போர்டு. 1740இல் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் பயின்றவர். நார்போக் மாவட்டத்தில், நாரிச் நகருக்கு அருகேயுள்ள வெஸ்டன் லாங்வில் என்னும் சிற்றூரில் 1776 முதல் 1803இல் இறக்கும்வரை பாதிரியாராக வாழ்ந்தவர். மணம் புரியாதவர், தமையன் மகள் நான்சி துணையிருக்க வாழ்ந்தவர். 1758இல் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பை 1802வரை விடாது எழுதினார். 1924 முதல் 1931 வரை அது ஐந்து தொகுதிகளாக அச்சேறியது.

அந்த ஏடுகளில் என்ன இருக்கிறது? தத்துவ விசாரமா? மோட்சத்துக்கு வழியா? இல்லை! இன்று என்ன சமைத்தார்கள், என்ன கொடுத்து என்ன வாங்கினார், வானிலை எப்படி, சீட்டாட்டத்தில் எவ்வளவு தோற்றார் என்பவையே நிறைந்திருக்கின்றன. அதனால்தான் அது அரிய ஆவணம். பிறர் படிப்பார் என்று அஞ்சி எழுதாதவனின் ஏட்டில்தான் காலம் தன் முகத்தைக் காட்டுகிறது.

அவருடைய ஆண்டு வருவாய் ஏறத்தாழ 400 பவுன். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தேவாலயத்துக்கு என்ற தசமபாக உரிமையே அதன் ஊற்று. ஆண்டுதோறும் டிசம்பரில் உழவர்கள் வந்து பணம் கட்டுவர். பாதிரியார் அவர்களுக்கு மாட்டிறைச்சியும் மதுவும் படைத்து விருந்து வைப்பார். கொடுத்தவனுக்கு ஒரு வேளை விருந்து. பெற்றவருக்கு ஓராண்டு வாழ்வு! அவர் வீட்டுப் பண்ணையாளின் சம்பளமோ ஆண்டுக்கு 10 பவுன்.

அமெரிக்கக் குடியேற்றங்களோடு இங்கிலாந்து போரிட்டுக்கொண்டிருந்த நேரம். 1777 மார்ச் 29 அன்று, இரவு 11 மணி. பாதிரியாரின் பலகணிக்குக் கீழே ஒரு சீழ்க்கை ஒலி. வந்தவன் கள்ளக்கடத்தல்காரன். ஆறு ராத்தல் ஹைசன் தேயிலையை, ராத்தல் 10 ஷில்லிங் 6 பென்ஸ் வீதம் விற்றுவிட்டுப் போனான். மொத்தம் 3 பவுன் 3 ஷில்லிங். பண்ணையாளின் நான்கு மாத உழைப்புக்கு ஏறக்குறைய ஈடு! அரசின் போருக்கு ஆண்டவன் அருளை வேண்டிய அதே கை, அரசின் தீர்வையை ஏய்த்த பொருளை வாங்கியது. இதை அவர் மறைக்கவில்லை. வாத்து வாங்கியதைப் போல எழுதி வைத்தார். ஊரே செய்ததை அவரும் செய்தார்.

பிறகு வந்தது பெரும்போர். 1793 பிப்ரவரி 1 அன்று பிரான்சு போர் தொடுத்தது. அவ்வாண்டு ஏப்ரல் 19 அன்று நாடு முழுவதும் உண்ணாநோன்பு என்று அரசு ஆணையிட்டது. தேவாலயந்தோறும் அரசு வகுத்த மன்றாட்டு ஒலித்தது. ஆண்டுதோறும் பட்டினி கிடப்பவனுக்கு, ஆண்டுக்கொரு நாள் நோன்பு நோற்கும்படி ஆணை! இதைவிடக் கொடிய கேலி உண்டோ?

1792இல் ஒரு குவார்ட்டர் கோதுமையின் சராசரி விலை 43 ஷில்லிங். விளைச்சல் பொய்த்த 1795இல் அது 75 ஷில்லிங். 1801இல் 119 ஷில்லிங்கையும் தாண்டியது. உழவுக்கூலியோ பொதுவாக வாரத்துக்குப் பத்து ஷில்லிங்கை எட்டாத காலம் அது. தலைமுடிக்குப் பூசும் மாவுக்குக்கூட 1795இல் ஆண்டுக்கு ஒரு கினி வரி விதித்தார் பிரதமர் பிட். 1796இல் நாய்க்கு வரி. 1799இல் வருமான வரி. 200 பவுனுக்கு மேற்பட்டோருக்கு நூற்றுக்குப் பத்து. உட்போர்டு போன்றோருக்கும் சுமை ஏறியது உண்மை. ஆயினும் அவர்கள் மேசையில் இறைச்சி இருந்தது. மக்கள்படைக்குக் குலுக்கலில் ஆள் எடுத்தபோது, பணமுள்ளவன் பதிலாளை வாங்கி அனுப்பினான். பாதிரிமாருக்கோ சட்டமே விலக்கு அளித்தது. இல்லாதவன் துப்பாக்கி தூக்கினான்.

1795 அக்டோபர் 29 அன்று உட்போர்டு லண்டனில் இருந்தார். நாடாளுமன்றம் சென்ற மன்னர் மூன்றாம் ஜார்ஜின் வண்டியைப் பெருங்கூட்டம் சூழ்ந்ததை நேரில் கண்டார். கூட்டம் கேட்டது ரொட்டியும் அமைதியும். அரசு கொடுத்தது என்ன? ரொட்டியா? அன்று! ஐம்பது பேருக்கு மேல் கூடும் அரசியல் கூட்டங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை அவ்வாண்டு டிசம்பரிலேயே கொடுத்தது. பசியைத் தீர்க்க முடியாத ஆட்சி, பசித்தவனின் வாயைப் பூட்டியது.

உட்போர்டு கல்நெஞ்சரா? அல்லர். நேர்மையோடு இதைச் சொல்ல வேண்டும். டிசம்பர் 21 தோறும் ஊர் ஏழைகளுக்குத் தலைக்கு 6 பென்ஸ் கொடுத்தார். கிறித்துமசு அன்று முதிய ஏழைகளைத் தம் வீட்டில் உண்ணவைத்து, ஆளுக்கு ஒரு ஷில்லிங்கும் ஈந்தார். நல்ல மனிதர். ஆனால், ஒரு மனிதரின் நல்ல மனத்தை நம்பி ஓர் ஊரின் வயிறு காத்திருக்க வேண்டிய நிலை நல்ல நிலையா? ஆறு பென்ஸ் கொடுத்த கைக்கு நன்றி சொன்ன ஏழைக்கு, அந்த ஆறு பென்ஸ் தன் வியர்வையில் முளைத்த தசமபாகத்தின் ஒரு துளி என்று யாரும் சொல்லித் தரவில்லை. தசமபாகத்தைத் தானியமாக எடுக்கும் முறையை மாற்றிப் பணக் கட்டணமாக்கும் சட்டம் வரவே 1836 ஆயிற்று.

1802 மார்ச்சில் ஆமியன் உடன்படிக்கை ஏற்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 17 அன்று பாதிரியார் எழுதிய கடைசிக் குறிப்பு, வாட்டிய மாட்டிறைச்சி உணவோடு முடிகிறது. 1803 சனவரி முதல் நாள் மறைந்தார். ஐந்து மாதங்களுக்குள் மீண்டும் போர் மூண்டது.

இளைஞர்களே, அந்த ஐந்து தொகுதிகளில் பாதிரியாரின் உணவு மேசையைப் பார்க்கிறோம். அவர் வாயிலில் 6 பென்சுக்காக வரிசையில் நின்றவர்களின் நாட்குறிப்பு எங்கே? எழுத்தறிவு மறுக்கப்பட்டவன் ஏடு எழுதவில்லை. ஆகவே, எழுதியவன் விட்டுச்சென்ற கணக்கிலிருந்து, எழுதாதவனின் பசியை நாம்தான் கூட்டிப் பார்க்க வேண்டும். வரலாறு படிப்பது அதற்காகத்தான்.