பதின்மூன்று ஆண்கள்: எம்ஏஓஏ மரபணுக் கதையின் சான்று குறித்து

மூளையின் வேதித்தூதுகளைச் சிதைக்கும் நொதியை உருவாக்கும் எம்ஏஓஏ மரபணுவைப் பற்றி எழுதும் வெகுசன அறிவியல் நூல்களை இரு தலைமுறைகளாகப் பிரிக்கலாம். முதல் தலைமுறை அதை முரட்டுத்தனத்தின் மரபணுவாகக் கண்டது; ‘போர்வீரன் மரபணு’ என்ற பெயர் இந்தப் பார்வைக்கே உரியது. அந்தப் பார்வையை மறுத்து எழுந்தது இரண்டாம் தலைமுறை. மரபணு தனியாக யாரையும் முரடனாக்குவதில்லை, குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளானவரிடம் மட்டுமே அது தலைகாட்டுகிறது என்பது இவர்களின் வாய்பாடு. மாட் ரிட்லி 2003இலும் ராபர்ட் சபோல்ஸ்கி 2017இலும் வெளியிட்ட நூல்கள் இந்த இரண்டாம் அணியைச் சேர்ந்தவை. வெகுசன அறிவியலின் வரலாற்றை ஆராய்வோரில் ஒரு சாரார் இந்த மாற்றத்தை முதிர்ச்சியின் அடையாளமாகக் கொள்கின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் தலைமுறை எந்த அளவுக்குச் சான்றை மிஞ்சிப் பேசியதோ, ஏறத்தாழ அதே அளவுக்கு இரண்டாம் தலைமுறையும் மிஞ்சிப் பேசுகிறது. அதன் பேச்சு நாகரிகமாக இருப்பதால் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கணக்கு ஒரே கட்டுரையில் இருக்கிறது. அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மோஃபிட் குழுவினர் 2002 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை அது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972–73இல் பிறந்த 1037 குழந்தைகளைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடரும் ஆய்விலிருந்து 442 ஆண்களை எடுத்துக்கொண்டு, மூன்று வயது முதல் பதினொரு வயதுக்குள் அவர்கள் பட்ட கொடுமையையும் எம்ஏஓஏ வகையையும் பிற்கால நடத்தையையும் அது பொருத்திப் பார்த்தது. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆணுக்கு ஒரே பிரதிதான், வகைப்படுத்துவது எளிது. 163 பேர் குறைந்த செயல்பாட்டு வகை, 279 பேர் உயர்ந்த செயல்பாட்டு வகை.

அடுத்தடுத்து வரும் இரண்டு செய்திகள்தான் இக்கட்டுரையிலிருந்து உலகம் முழுவதும் பரவின. முதலாவது: குறைந்த செயல்பாட்டு வகையும் கொடுமை அனுபவமும் ஒருங்கே அமைந்தவர்கள் 12 விழுக்காட்டினரே என்றாலும், வன்முறைக் குற்றத் தீர்ப்புகளில் 44 விழுக்காடு அவர்கள் மீதானவை. இரண்டாவது: அந்த வகையினரில் கடுமையான கொடுமைக்கு ஆளானோரில் 85 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு சமூக விரோத நடத்தையைக் காட்டினர். வெகுசன நூல்களில் இவ்விரண்டும் ஒரே குழுவைப் பற்றிய செய்திகள்போல் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அவை ஒரே குழுவைப் பற்றியவை அல்ல.

கொடுமையைக் கட்டுரை மூன்று படிகளாகப் பிரிக்கிறது: இல்லை, இருந்திருக்கலாம், கடுமை. குறைந்த செயல்பாட்டு வகையினரில் முதற்படியில் 108 பேர், இரண்டாம் படியில் 42 பேர், மூன்றாம் படியில் 13 பேர். 12 விழுக்காடு என்பது இரண்டாம் மூன்றாம் படிகளைச் சேர்த்த 55 பேர். 85 விழுக்காடு என்பதோ அந்த 13 பேரைப் பற்றியது. கணக்குப் போட்டால் 11 பேர். அவர்களில் ஒருவருடைய வாழ்க்கை வேறு விதமாகப் போயிருந்தால் விழுக்காடு எட்டு புள்ளி ஏறியோ இறங்கியோ இருக்கும். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் இடையில் ‘கொடுமைக்கு ஆளானவர்’ என்போரின் எல்லை 55இலிருந்து 13ஆகச் சுருங்குகிறது. கட்டுரையாசிரியர்கள் இதை மறைக்கவில்லை. ‘கடுமையான’ என்ற அடைமொழியை இட்டிருக்கிறார்கள், எண்கள் படத்தின் அடியில் இருக்கின்றன. ஆனால் எடுத்தாள்வோர் படத்தின் அடியைப் பார்ப்பதில்லை.

இரண்டாம் படிக்குள் யார் வருகிறார்கள் என்பதும் கவனத்துக்குரியது. மூன்று வயதில் தாய் குழந்தையைப் புறக்கணித்ததாக ஆய்வாளர் கண்டது, ஏழு, ஒன்பது வயதுகளில் பெற்றோரே சொன்ன கடுமையான தண்டிப்பு, வளர்ப்பவர் இரண்டு முறையோ அதற்கு மேலோ மாறியது, 26 வயதில் நினைவுகூர்ந்த அடிஉதை, பாலியல் வன்கொடுமை: இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும். இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் ‘கடுமை’. அளவுகோல் என்ற முறையில் இதில் தவறில்லை. ஆனால் 44 விழுக்காட்டுச் செய்தியைப் படிக்கும் பொதுவாசகரின் மனக்கண்ணில் வருவது நாள்தோறும் அடிபடும் சிறுவன். அந்த 55 பேரில் பெரும்பாலோர் ஒரே ஒரு குறியால் அங்கே வந்தவர்கள். 44 விழுக்காடு என்பது தீர்ப்புகளின் பங்கே அன்றி ஆட்களின் பங்கும் அன்று. ஒருவரே பல தீர்ப்புகளுக்கு உரியவராக இருக்கலாம். இந்தச் சேர்க்கையால் விளைவதாகக் கணிக்கத்தக்க பங்கை, அதாவது இடர்ப்பங்கை, கட்டுரை 11 விழுக்காடு என்றே மதிப்பிட்டது. அந்த 11 வெகுசன நூல்களில் எடுபடவில்லை, 44தான் எடுபட்டது.

இவற்றைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. அதே கட்டுரையில் கொடுமைக்குத் தனி விளைவு உண்டு, மரபணுவுக்குத் தனி விளைவு இல்லை. உயர்ந்த செயல்பாட்டு வகையினரிடமும் கொடுமையின் தாக்கம் குறைந்ததே தவிர மறையவில்லை. குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் எந்த வகை மரபணு இருந்தாலும் பின்விளைவு உண்டு என்பதுதான் தரவின் முதற்செய்தி. ‘மரபணுவும் சூழலும் கைகோக்கின்றன’ என்ற சொல்லாடலில் இந்தச் செய்தி பின்னிருக்கைக்குப் போய்விட்டது. ஏன் என்பதற்கு என்னிடம் ஊகம்தான் உண்டு. கொடுமை கெடுக்கும் என்பது பழைய செய்தி, நூல் விற்க உதவாது. இடைவினை என்பதோ பரம்பரைவாதிக்கும் சூழல்வாதிக்கும் ஒரே நேரத்தில் பாதி வெற்றியைத் தருகிறது.

‘குறைந்த செயல்பாடு’ என்ற பெயருக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. மரபணுவின் முன்பகுதியில் 30 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு எத்தனை முறை திரும்ப வருகிறது என்பதை வைத்து அந்தப் பெயர் வந்தது. அந்தச் செயல்பாடு அளக்கப்பட்டது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில். உயிருள்ள ஆண்களின் மூளையில் இந்த மரபணு உருவாக்கும் நொதியின் அளவைப் பெட் ஸ்கேன் வழியே ஜோஆனா ஃபௌலர் குழுவினர் 2007இல் பார்த்தபோது, மரபணு வகைக்கும் நொதியின் அளவுக்கும் பொருத்தம் காணவில்லை. வளரும் பருவத்து மூளையில் இருந்திருக்கலாம் என்று பதில் சொல்வோர் உண்டு. இருந்திருக்கலாம், இந்த ஆய்வு அதை அளக்கவில்லை. 1993இல் ஹான் புரூனர் குழுவினர் விவரித்த நெதர்லாந்துக் குடும்பத்து ஆண்களை இங்கே சாட்சிக்கு அழைப்பதும் பொருந்தாது. அவர்களிடம் நொதி அறவே வேலை செய்யவில்லை. அது மிக அரிய பிறழ்வு. டனீடனில் காணப்பட்டதோ மூவரில் ஒருவருக்கு மேல் தாங்கி நடக்கும் சாதாரண வேறுபாடு. இரண்டையும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வைக்கும் பழக்கம் வாசகரைத் திசைதிருப்புகிறது.

என் வாசிப்புக்கு எதிராக வைக்கத்தக்க வலுவான வாதம், பின்னர் வந்த ஆய்வுகள் 2002இன் முடிவை உறுதிசெய்தன என்பது. பர்ட், மனக் இருவரும் 2014இல் 27 ஆய்வுகளைத் தொகுத்து, ஆண்களிடம் இந்த இடைவினை தென்படுகிறது என்றனர். அதே ஆண்டில் ஹேபர்ஸ்டிக் குழுவினர் அமெரிக்க இளையோர் தொடராய்வின் பெரிய மாதிரியில் தேடியபோது அது அகப்படவில்லை. சிறு ஆய்வுகள் பலவற்றின் கூட்டுத்தொகைக்கும் பெரிய ஆய்வு ஒன்றுக்கும் இடையே முரண் வரும்போது நான் பின்னதன் பக்கம் சாய்கிறேன். காரணத்தை டங்கன், கெல்லர் இருவரின் 2011ஆம் ஆண்டுத் திறனாய்வு தருகிறது: உளநோய் மரபியலில் இத்தகைய இடைவினைகளை முதன்முதலாக அறிவித்த ஆய்வுகளில் 96 விழுக்காடு வெற்றி கண்டன, அவற்றை மீட்டுச்செய்து பார்த்த முயற்சிகளிலோ 27 விழுக்காடே. தோற்றவை அச்சேறாமல் போகும் துறையில் தொகுப்பாய்வு என்ன காட்டும் என்பதை விளக்கத் தேவையில்லை. காஸ்பி, மோஃபிட் குழுவினரே 2003இல் செரோடோனின் கடத்தி மரபணுவையும் மனச்சோர்வையும் இணைத்த புகழ்பெற்ற கட்டுரைக்கு நேர்ந்ததும் இதுதான்: லட்சக்கணக்கானோரின் தரவைக் கொண்ட 2019ஆம் ஆண்டு ஆய்வில் அந்த இணைப்புக்கு ஆதரவு கிட்டவில்லை.

டனீடன் இடைவினை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆண்களில் அப்படி ஒன்று சிறிய அளவில் உண்மையாகவே இருக்கலாம். 2002இன் ஆசிரியர்களே மீட்டுச்செய்து பார்க்கும்வரை மருத்துவப் பயன் பற்றிப் பேசுவது அவசரம் என்று எழுதினர். ஆனால் நீதிமன்றங்கள் காத்திருக்கவில்லை. 2009இல் இத்தாலியின் திரியெஸ்தேயில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கொலைக் குற்றவாளியின் தண்டனையை ஓராண்டு குறைத்தது. முன்வைக்கப்பட்ட மரபணுச் சான்றுகளில் எம்ஏஓஏவும் ஒன்று. அமெரிக்காவின் டென்னசியிலும் அதே ஆண்டு ஒரு வழக்கில் நடுவர் குழு முன் இது பேசப்பட்டது. இரு இடங்களிலும் எடுபட்டது இரண்டாம் தலைமுறையின் வாய்பாடுதான்: இந்த மரபணு, கூடவே பாதகமான சூழல். ‘போர்வீரன்’ என்ற பழைய சொல்லை மட்டும் கண்டித்துவிட்டு அமைதியடையும் திறனாய்வு இதைக் காணத் தவறுகிறது.

இத்தகைய வெகுசன நூல்களைத் தழுவித் தமிழில் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் 85 விழுக்காடு என்ற எண்ணை இடும் இடத்தில் ‘13 பேரில்’ என்று சேர்த்து எழுத வேண்டும். மூலநூலில் அது இல்லையென்றால் அடிக்குறிப்பாகவாவது தர வேண்டும்.