மறுப்பதற்கு ஓர் அவை: நியூ ஜெர்சி 1786, இலங்கை 1948

கூட்டாட்சி பற்றிய தமிழ் அரசியல் உரையாடல்களில் ஐக்கிய அமெரிக்கா முன்மாதிரியாகக் காட்டப்படுவதுண்டு. அந்நாட்டின் முதல் ஆட்சிமுறை ஆறாண்டுகளில் செயலற்றுப்போனது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அத்தோல்வியை நியூ ஜெர்சியின் வழியே நோக்குவதும், இலங்கை அனுபவத்தோடு ஒப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

1777 நவம்பரில் காங்கிரஸ் ஏற்ற கூட்டிணைப்பு விதிகள் 1781 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தன. 13 மாநிலங்களுக்கும் தலைக்கு ஒரு வாக்கு. பெருங்காரியங்களுக்கு ஒன்பது மாநிலங்களின் இசைவும், விதிகளைத் திருத்த அனைத்து மாநிலங்களின் இசைவும் வேண்டும். தனி ஆட்சித்துறை இல்லை. வரி விதிக்கும் அதிகாரமும் காங்கிரசுக்கு இல்லை. மாநிலங்களிடம் பங்குத்தொகை கோரலாம், அவ்வளவே. 1783 ஜூனில் ஊதிய நிலுவை கேட்டுப் படைவீரர் பிலடெல்பியாவில் கிளர்ந்தபோது, காங்கிரஸ் அந்நகரை விட்டு நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனுக்கு இடம்பெயர்ந்தது. 5 விழுக்காட்டு இறக்குமதி வரித் திட்டத்தை 1782இல் ரோட் ஐலண்ட் தடுத்தது. மறுமுறை நியூயார்க் தடுத்தது.

பெருந்துறைமுகம் அற்ற நியூ ஜெர்சி, நியூயார்க், பிலடெல்பியா வழியாகவே பண்டங்களைப் பெற்றது. சுங்கச் சுமையை அதன் மக்கள் தாங்க, வருவாய் அண்டை மாநிலங்களின் கருவூலத்தைச் சேர்ந்தது. எனவே, எல்லா மாநிலங்களும் பொது இறக்குமதி வரியை ஏற்கும்வரை பங்குத்தொகை தருவதில்லை என்று 1786 பிப்ரவரியில் அதன் சட்டமன்றம் தீர்மானித்தது. சார்லஸ் பிங்க்னி உள்ளிட்ட மூவரைக் காங்கிரஸ் அனுப்பியது. தீர்மானம் கைவிடப்பட்டது, பணம் ஒதுக்கப்படவில்லை. செலுத்தும் கடமை ஏட்டில் இருந்தது. செலுத்துவிக்கும் ஆற்றல் எவரிடமும் இல்லை.

எனினும் அம்மறுப்பு பிரிவினையில் முடியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அன்னாபோலிசில் ஐந்து மாநிலங்கள் கூடியபோது, வணிகத்துக்கு அப்பாலும் ஆராயும் ஆணையோடு வந்தவர்கள் நியூ ஜெர்சிப் பேராளர்களே. அவ்வாணையை முன்னிறுத்திய அறிக்கையே 1787 பிலடெல்பியா மாநாட்டுக்கு வழிகோலியது. அங்கு வில்லியம் பேட்டர்சன் சிறு மாநிலங்களின் சமவாக்கை வலியுறுத்தினார். அது செனட் அவையில் நிலைபெற்றது. 1787 டிசம்பர் 18 அன்று நியூ ஜெர்சி புதிய அரசியலமைப்பை ஒருமனதாக ஏற்றது.

இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பில் நோய் வேறு. அங்கு மையம் வலிமையுடையது, நலிந்தது காப்பு. ஓர் இனத்துக்கு மட்டும் இடர் விளைக்கும் சட்டத்தைத் தடை செய்த 29(2)ஆம் பிரிவு, மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தடுக்கவில்லை. அச்சட்டம் அப்பிரிவுக்கு முரணன்று என்று 1953இல் பிரிவி கவுன்சில் கருதியது. 1949இல் தோன்றிய தமிழரசுக் கட்சி கூட்டாட்சியைக் கோரியது. 1957ஆம் ஆண்டின் பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கை மறு ஆண்டே கைவிடப்பட்டது. 1972இல் பழைய அரசியலமைப்போடு 29ஆம் பிரிவும் மறைந்தது.

இரு நாடுகளிலும் எழுத்து இருந்தது; அதனை நிறைவேற்றும் பொறி இல்லை. ஆயின் ஒரு வேறுபாடு அடிப்படையானது. நியூ ஜெர்சிக்கு மறுப்பதற்கெனத் தனக்கே உரிய சட்டமன்றம் இருந்தது. அதனால் அதன் குறை பேச்சுமேசையை எட்டியது. இலங்கைத் தமிழருக்கு அத்தகைய அவை இல்லை; நாடாளுமன்றத்தில் நிலையான சிறுபான்மையே அவர்களுக்குக் கிட்டியது. ஆதலால் கூட்டாட்சியை அதிகாரப் பங்கீட்டுப் பட்டியலாக மட்டும் அளத்தல் போதாது. குறைவுற்றோர் தம் மறுப்பைச் சட்டப்படி பதிவுசெய்து, பெரும்பான்மையை மறுபடி பேச அழைக்கும் இடம் உண்டா என்பதே முதல் வினாவாதல் வேண்டும்.