சந்திரபானு

சந்திரபானு (13ஆம் நூற்றாண்டு), மலாய்த் தீபகற்பத்துத் தாம்பிரலிங்க நாட்டு அரசன். இலங்கையின் வடபகுதியை ஆண்ட சாவகர் (மலாயர்) தலைவன். 1230ஆம் ஆண்டுச் சையா கல்வெட்டு இவனைப் பத்மவம்சத்தவன் என்றும், ஸ்ரீதர்மராஜன் என்றும் குறிக்கிறது.

1247இல், தானும் பௌத்தனே என்று கூறி இலங்கையில் படையிறக்கினான். சாவக வீரர் நஞ்சூட்டிய அம்புகளை எய்ததாக இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் கூறும். இலங்கை மன்னன் இரண்டாம் பராக்கிரமபாகுவின் மருமகன் வீரபாகு அப்படையை முறியடித்தான். மீண்டும் மாதோட்டத்தில் இறங்கிப் புத்தரின் தந்ததாதுவையும் பிச்சைப் பாத்திரத்தையும் கேட்டுப் போரிட்டபோதும் யாப்பகுவையில் தோற்றான்.

இவனது குடும்பத்தைப் பற்றிய சான்றாகக் கொள்ளப்படுவது சடையவர்மன் வீரபாண்டியனின் குடுமியான்மலைக் கல்வெட்டே. பாண்டியன் ஈழத்தில் சாவகனை வென்றதையும், கோணமலையில் (திருகோணமலையில்) கயற்கொடி பொறித்ததையும், அடிபணிந்த சாவகன் மைந்தனுக்கு அவன் தந்தை ஆண்ட நாட்டையே திரும்ப அளித்ததையும் அது விரிவாகச் சொல்கிறது. இச்சாவகன் சந்திரபானுவே என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. காலமும் களமும் பொருந்துவதால் அது ஏற்கத்தக்கது. சாவகச்சேரி என்னும் ஊர்ப்பெயரைச் சாவகர் குடியேற்றத்தோடு இணைப்பர்.

திருகோணமலைப் பிரட்றிக் கோட்டை வாயிலில் பாண்டியரின் இரட்டைக் கயற்சின்னம் இன்றும் காணப்படுகிறது.