குதிரை ஈழை நோய் மருத்துவம்

குதிரை ஈழை நோய் அல்லது குதிரை ஆஸ்துமா என்பது குதிரையின் மூச்சுக்குழல்கள் அழற்சியுற்றுச் சுருங்குவதால் ஏற்படும் நாட்பட்ட நோய் ஆகும். உலர்புல்லிலும் கொட்டில் படுக்கையிலும் உள்ள தூசியும் பூஞ்சை வித்துகளும் இதனைத் தூண்டும் முதன்மைக் காரணிகள் ஆகும். இருமல், சளி, மூச்சுத்திணறல் ஆகியன இதன் அறிகுறிகள்.

மூச்சுக்குழல் விரிப்பிகள்

இம்மருந்துகள் மூச்சுக்குழல் சுவரிலுள்ள பீட்டா-2 ஏற்பிகளைத் தூண்டி, மென்தசையைத் தளர்த்திக் காற்றுப்பாதையை விரிக்கின்றன.

* குளென்புட்டரால்: வாய்வழி கொடுக்கப்படும் பாகு. ஐக்கிய அமெரிக்காவில் 1998 இல் குதிரைகளுக்கு ஒப்புதல் பெற்றது. தொடக்க அளவு கிலோகிராம் உடல் எடைக்கு 0.8 மைக்ரோகிராம், நாளுக்கு இருமுறை. 500 கிலோகிராம் எடையுள்ள குதிரைக்கு இது வேளைக்கு 400 மைக்ரோகிராம் ஆகும்.
* சால்பியூட்டமால்: முகமூடி வழியாக உள்ளிழுக்கச் செய்யப்படுவது. சில நிமிடங்களில் பயன் தரும். ஆனால் அப்பயன் நீண்ட நேரம் நிலைப்பதில்லை.

வரம்புகள்

விரிப்பிகள் மூச்சுத்திணறலைத் தணிக்குமேயன்றி நோயைக் குணப்படுத்துவதில்லை. அழற்சியைக் குறைக்க டெக்சாமெத்தசோன் போன்ற கார்ட்டிகோஸ்டீராய்டுகள் தேவைப்படுகின்றன. தூசி நீக்கப்படாத கொட்டிலில் விரிப்பியை மட்டும் கொடுத்தால், விரிந்த பாதை வழியே தூசி நுரையீரலின் ஆழத்திற்குச் செல்லக்கூடும். எனவே குதிரையை மேய்ச்சல் நிலத்தில் விடுதலும், உலர்புல்லை நனைத்தோ நீராவியில் வைத்தோ கொடுத்தலும் மருத்துவத்தின் அடிப்படையாகும்.

குளென்புட்டராலைச் சில வாரங்கள் இடைவிடாது கொடுத்தால் அதன் பயன் குறைகிறது. வியர்வை, தசை நடுக்கம், விரைவான இதயத்துடிப்பு ஆகியன பக்கவிளைவுகள். கருப்பைத் தசையையும் தளர்த்துவதால், ஈனும் தறுவாயிலுள்ள பெண் குதிரைகளுக்கு இது தரப்படுவதில்லை. தசையைப் பெருக்கும் தன்மையும் இதற்கு இருப்பதால், குதிரைப் பந்தயங்களில் இதன் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.