சைபர்நெட்டிக்ஸும் கணிப்பு நுண்ணறிவும்: திருவனந்தபுரம்

ஓர் அமைப்பு தன் செயலின் விளைவை அளக்கிறது. குறியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காண்கிறது. அந்த விலகலைக் கொண்டே அடுத்த செயலைத் திருத்திக்கொள்கிறது. எந்திரத்திலும் உயிரிலும் சமூகத்திலும் இந்தச் சுழற்சி எப்படி நடக்கிறது என்று ஆராயும் துறை சைபர்நெட்டிக்ஸ். அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் 1948இல் வெளியிட்ட நூல் அதற்குப் பெயரும் வடிவமும் தந்தது. கணிப்பு நுண்ணறிவு என்பது நரம்பணு வலைப்பின்னல், ஃபஸ்ஸி தருக்கம், பரிணாம முறைத் தேடல் ஆகியவற்றின் பொதுப்பெயர். அதுவும் இதே மரபில் கிளைத்ததுதான். நரம்பணுவைக் கணித வடிவில் எழுதிய மெக்கல்லக், பிட்ஸ் இருவரும் (1943) வீனரின் வட்டத்தைச் சேர்ந்தவர்கள். லோட்ஃபி சாதே 1965இல் முன்வைத்த ஃபஸ்ஸி தருக்கத்தைக் கொண்டு இப்ராஹிம் மம்தானி 1970களில் லண்டனில் ஒரு சிறு நீராவி எஞ்சினை இயக்கிக் காட்டினார். அனுபவமுள்ள இயக்குபவர் வாயால் சொல்லும் விதிகள் அங்கே கட்டுப்பாட்டுக் கருவியாயின.

வீனர் 1955–56இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் தங்கிப் பாடம் நடத்தினார். இத்துறைகள் இந்தியாவில் கல்வித்துறையாக வளர்ந்ததில் அந்த நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. திருவனந்தபுரத்தின் பங்கு வேறு வகையானது. ஒரே நகரத்துக்குள் ஒருபுறம் ராக்கெட்டின் போக்கைத் திருத்தும் கலை வளர்ந்தது. இன்னொரு புறம் ஒரு சமூகம் தன் நிலையைத் தானே அளந்து திருத்திக்கொள்வதைப் பற்றிய ஆய்வு வளர்ந்தது. நெடுங்காலம் இரண்டும் சந்திக்கவில்லை. பின்னது சைபர்நெட்டிக்ஸ் என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளவும் இல்லை. ஆனால் அது செய்தது அந்த வேலையையே என்பது இக்கட்டுரையின் கருத்து.

ராக்கெட்டுகள்

காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிச் செல்வதால் அந்தக் கடலோரக் கிராமம் ஏவுதளமாயிற்று. அங்கிருந்த மரிய மகதலேனா தேவாலயமும் ஆயர் இல்லமும் ஆய்வுக்கூடங்களாக மாறின. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டான அமெரிக்க நைக்–அப்பாச்சி ஏவப்பட்டது. இத்தகைய ஆய்வு ராக்கெட்டுகளுக்கு வழிநடத்தும் அமைப்பு கிடையாது. சிறகுகளும் சுழற்சியும் அவற்றை நேராக வைத்திருக்கும். ஏவியபின் திருத்த வழியில்லை.

செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைக்க அது போதாது. அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்எல்வி-3 ராக்கெட்டில் நிலைகாட்டிக் கருவிகள் இருந்தன. சாய்வைத் திருத்தும் அமைப்பும் இருந்தது. ஆனால் பாதை முன்கூட்டியே எழுதி வைத்ததுதான். வழியை மனப்பாடம் செய்துகொண்டு கண்ணைக் கட்டி நடப்பவரைப் போல, அதற்கு நேராக நிற்கத் தெரியும், எங்கே இருக்கிறது என்று தெரியாது. 1979 ஆகஸ்ட் 10 அன்று நடந்த முதல் ஏவலில் இரண்டாம் கட்டத்தைத் திருப்பும் அமைப்பின் நைட்ரிக் அமிலம் கசிந்து தீர்ந்துபோனது. அந்தக் கட்டம் கட்டுப்பாட்டை இழந்தது. ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. காரணம் கண்டறியப்பட்டு, 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதை சேர்ந்தது.

அடுத்து வந்த ஏஎஸ்எல்வியில் முதன்முறையாக மூடிய வளைய வழிநடத்தல் வந்தது. ராக்கெட் தான் இருக்கும் இடத்தையும் வேகத்தையும் பறக்கும்போதே கணக்கிட்டு, இலக்குக்கான பாதையைத் தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் 1987 மார்ச் 24இலும் 1988 ஜூலை 13இலும் அது தோற்றது. முதல் முறை பக்கவாட்டு ராக்கெட்டுகள் எரிந்து முடிந்தபின் நடுக்கட்டம் பற்றவே இல்லை. இரண்டாம் முறை பற்றியது. ஆனால் பக்கவாட்டு ராக்கெட்டுகளின் உந்துவிசை தளர்ந்து நடுக்கட்டம் வேகம் பிடிக்கும் சில கணங்களில் ராக்கெட்டைப் பிடித்து நிறுத்த எந்த விசையும் போதவில்லை. காற்றின் அழுத்தம் உச்சத்தில் இருந்த நேரம் அது. ராக்கெட் உடைந்தது. பற்றவைக்கும் நேரத்தைக் கடிகாரம் முடிவு செய்வதை விட்டு, பக்கவாட்டு ராக்கெட்டின் தளர்ச்சியை அந்தக் கணத்திலேயே உணர்ந்து முடிவெடுக்கும் முறைக்குப் பொறியாளர்கள் மாறினார்கள். 1992 மே 20 அன்று ஏஎஸ்எல்வி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. நேரத்தைப் பார்த்துச் செய்வதற்கும் நிலையைப் பார்த்துச் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் இந்தியப் பொறியியலில் அரிது.

1993 செப்டம்பர் 20 அன்று பிஎஸ்எல்வியின் முதல் ஏவல் வேறொரு பலவீனத்தை வெளிப்படுத்தியது. இரண்டாம் கட்டத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டிய சிறு ராக்கெட்டுகளில் இரண்டு எரியவில்லை. அதனால் பிரியும்போது குலுக்கம் ஏற்பட்டது. அந்த அளவு குலுக்கத்தைச் சமாளிக்க வழி இருந்தது. ஆனால் திருத்தக் கட்டளையின் எண், கணினியில் அதற்கு ஒதுக்கிய அளவை மீறியது. மென்பொருளிலிருந்த பிழையால் உச்ச அளவில் நிற்க வேண்டிய எண் குறி மாறிப்போனது. சாய்வைக் குறைக்க வேண்டிய கட்டளை சாய்வைக் கூட்டியது. எதிர்ப் பின்னூட்டம் நேர்ப் பின்னூட்டமாகிவிட்டது. எந்த அமைப்பையும் அழிக்க அது ஒன்றே போதும். 1994 அக்டோபர் 15 அன்று நடந்த அடுத்த ஏவல் வென்றது.

இந்த மரபின் அண்மைய வடிவம் சிறகுள்ள மறுபயன்பாட்டு ஏவுகலத்தின் தானியங்கித் தரையிறக்கம். 2023 ஏப்ரலில் கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் ஹெலிகாப்டரிலிருந்து சுமார் 4.5 கி.மீ. உயரத்தில் விடப்பட்ட கலம் தானே ஓடுபாதையைத் தேடி இறங்கியது. 2024இல் நடந்த இரு சோதனைகளில் வேண்டுமென்றே பிழை புகுத்தப்பட்டது. மார்ச்சில் ஓடுபாதையின் நேர்க்கோட்டிலிருந்து 150 மீட்டரும், ஜூனில் 500 மீட்டரும் தள்ளி விட்டார்கள். இரண்டு முறையும் கலம் தன் போக்கைத் திருத்திக்கொண்டது. வட்டியூர்க்காவில் உள்ள இஸ்ரோவின் நிலைமச் சாதனப் பிரிவு, மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக வியோம்மித்ரா என்ற அரை மனித உருவ எந்திரத்தையும் உருவாக்கியது.

சாலைச் சந்திப்புகள்

இதே திருத்தும் கலை சாலைக்கும் வந்தது. கேரள முதலமைச்சர் சி. அச்சுத மேனன் காலத்தில் 1973இல் தோன்றிய கெல்ட்ரான், மாநில அரசு நடத்திய முதல் மின்னணுத் தொழில் நிறுவனம். கே. பி. பி. நம்பியார் அதை வழிநடத்தினார். அதன் ஆராய்ச்சிப் பிரிவாகத் தொடங்கிய மையம் பின்னர் மத்திய அரசிடம் போய், 2000களின் தொடக்கத்தில் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்குடன் இணைந்தது. அங்கே உருவான காஸிகாஸ்ட் என்ற முறை, சிக்னல் விளக்குகளின் நேரத்தைப் போக்குவரத்தின் அளவுக்கேற்ப மாற்றுகிறது. பிரிட்டனின் ஸ்கூட்டும் சிட்னியின் ஸ்காட்ஸும் 1970களிலிருந்து இதையே செய்கின்றன. ஆனால் வண்டிகள் தடம் மாறாமல் போகும் என்று அவை எடுத்துக்கொள்கின்றன. நம் சந்திப்பில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் இடையில் கிடைக்கும் சந்தில் ஆட்டோவும் ஸ்கூட்டரும் புகுந்து முன்னே வந்து நிற்கும். தடத்துக்கு ஒன்றாக எண்ணினால் கணக்கு பொய்த்துவிடும். அந்தக் கலப்புப் போக்குவரத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு கணக்கிடுவதே இம்முறையின் தனிச்சிறப்பு.

சமூகம்

1970இல் பொருளியலாளர் கே. என். ராஜ் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தை நிறுவினார். லாரி பேக்கர் அதற்குச் செங்கல் வளாகம் கட்டினார். 1975இல் ஐக்கிய நாடுகள் அவைக்காக அம்மையம் அளித்த ஆய்வு, வருமானம் குறைந்த கேரளத்தில் ஆயுளும் எழுத்தறிவும் உயர்ந்திருப்பதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அது எப்படி நடந்தது என்பதற்கு அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மென்ச்சர் 1980இல் எழுதிய கட்டுரையில் நுட்பமான பதில் இருக்கிறது. கேரளத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில நாள் ஆளில்லை என்றால், அருகிலுள்ள கலெக்டர் அலுவலகத்தின் முன் மக்கள் திரண்டுவிடுவார்கள் என்கிறார் அவர். இதுவே பின்னூட்டம். குறை ஏற்பட்ட இடத்திலிருந்து முடிவெடுக்கும் இடத்துக்குச் செய்தி சில நாளில் போகிறது. போகும்போது அதற்கு விசையும் இருக்கிறது. செய்தித்தாள், வாசகசாலை, சங்கம், கட்சிக் கிளை ஆகியவை அந்தச் செய்தி போன வழிகள்.

இதே காலத்தில் சிலியில் சால்வடார் அலெண்டேயின் அரசு பிரிட்டிஷ் சைபர்நெட்டிக்ஸ் அறிஞர் ஸ்டாஃபோர்ட் பீரை அழைத்து, ஆலைகளை டெலக்ஸ் மூலம் ஒரு கட்டுப்பாட்டு அறையோடு இணைக்கும் சைபர்சின் திட்டத்தைத் தொடங்கியது. 1973 செப்டம்பர் 11 ராணுவப் புரட்சியோடு அது முடிந்தது. கேரளத்தில் அப்படி ஓர் அறை இருந்ததில்லை; கணினி இல்லாமலேயே வளையம் மூடியிருந்தது.

ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு, தான் கட்டுப்படுத்தும் ஒன்றின் பன்மைக்கு ஈடான பன்மையைத் தானும் கொண்டிருக்க வேண்டும் என்பது சைபர்நெட்டிக்ஸ் அறிஞர் ராஸ் ஆஷ்பியின் விதி (1956). ஒரே தலைமைச் செயலகம் மலையோரத் தோட்டத்தையும் கடலோரக் குடியிருப்பையும் ஒரே அளவுகோலால் ஆள முடியாது. 1996 ஆகஸ்டில், மலையாளப் புத்தாண்டான சிங்ஙம் முதல் நாளில், மாநிலத் திட்டக் குழு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. எதற்குச் செலவிடுவது என்பதைக் கிராம சபை பேசி முடிவுசெய்தது. 1998இல் வந்த மாநில வறுமை ஒழிப்புத் திட்டமான குடும்பஸ்ரீ, ஏழைக் குடும்பத்தை வருமானத்தால் அளக்காமல், குடிநீர், கழிவறை, வீடு போன்ற 9 அறிகுறிகளால் அக்கம்பக்கத்துப் பெண்களே கண்டறியும் முறையைக் கைக்கொண்டது. அளப்பவரும் அளக்கப்படும் சமூகத்தின் ஒரு பகுதி என்று 1970களில் சைபர்நெட்டிக்ஸ் அறிஞர் ஹைன்ஸ் ஃபான் ஃபோர்ஸ்டர் வாதிட்டதை இந்தப் பெண்கள் நடைமுறையில் செய்து காட்டினார்கள்.

இரண்டும் சந்திக்கும் இடம்

2017 நவம்பர் 29 அன்று உருவான தாழ்வழுத்தம் மறுநாள் குமரிமுனைக்குத் தெற்கே ஓகிப் புயலாயிற்று. புயல் என்ற அறிவிப்பு வந்தபோது திருவனந்தபுரக் கரையின் பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர்கள் பலர் கடலில் இருந்தார்கள். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறா பிடிக்கும் குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகளோ கரையின் வயர்லெஸ் எட்டும் தொலைவைக் கடந்து வெகுதூரத்தில் இருந்தன. பலர் திரும்பவில்லை. ராக்கெட்டின் சாய்வைக் கணந்தோறும் அறிந்த நகரத்தின் கரையிலிருந்து, படகுக்கு ஒரு வார்த்தை போய்ச்சேர வழியில்லாமல் இருந்தது. இந்தத் துறையின் உள்ளூர் வரலாற்றில் இதைவிடப் பெரிய தோல்வி இல்லை. முன்னறிவிப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அதைக் கேட்க வேண்டியவர் கேட்டாரா என்று சொன்னவருக்குத் தெரியாவிட்டால் வளையம் அறுந்தே கிடக்கிறது.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் செய்தி எதிர்த்திசையில் பாய்ந்தது. மாநில ஐடி மிஷனோடு ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் கேரளப் பிரிவுத் தன்னார்வலர்கள் அமைத்த இணையதளத்தில், வெள்ளத்தில் சிக்கியவர்களின் இருப்பிடங்கள் குவிந்தன. திருவனந்தபுரம், கொல்லம் கரைகளிலிருந்து லாரிகளில் ஏற்றப்பட்ட படகுகள் செங்ஙன்னூர்த் தெருக்களில் ஓடின. முந்தைய ஆண்டு எச்சரிக்கை எட்டாத அதே மீனவ மக்கள் ஆயிரக்கணக்கானோரைக் கரையேற்றினார்கள். பின்னர் பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகமும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் திருவனந்தபுரக் கரை மீனவர்களோடு சேர்ந்து, முன்னறிவிப்பு எப்படி இருந்தால் அவர்களுக்குப் பயன்படும் என்று ஆராய்ந்தன.

சாலையிலும் இரு மரபுகள் சந்தித்திருக்கின்றன. 2023 ஜூன் 5 முதல் கெல்ட்ரான் நிறுவிய 726 கேமராக்கள் மாநிலச் சாலைகளைக் கவனிக்கின்றன. அவற்றில் 675 ஹெல்மெட், சீட்பெல்ட் போன்றவற்றைச் செயற்கை நுண்ணறிவால் கண்டுபிடிப்பவை. கட்டுப்பாட்டு அறையில் பணியாளர் படத்தைச் சரிபார்த்த பிறகே நோட்டீஸ் போகிறது. மென்பொருளின் தவறைத் திருத்தும் கடைசி வாய்ப்பு அந்தப் பணியாளரின் கண்ணில்தான் இருக்கிறது. ஆகவே அந்த இருக்கையைச் செலவு கருதி நீக்குவது பெரும் பிழையாகும். 

கல்வித்துறையில் 2000இல் தொடங்கிய ஐஐஐடிஎம்-கே என்ற தகவல் தொழில்நுட்ப நிறுவனம் பின்னர் கேரள டிஜிட்டல் பல்கலைக்கழகமானது. 2007இல் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் பிறந்தது. சமூக அறிவியலும் கட்டுப்பாட்டுப் பொறியியலும் ஒரே வகுப்பில் கற்பிக்கப்படுவது இன்னும் அரிதே.

மீண்டும் கடலுக்கு வருவோம். படகுகளில் இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் இருந்துவந்தது. மீனவர் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் செய்தி போகும். போனதா என்று அழுத்தியவருக்குத் தெரியாது. ஓகிக்குப் பின் கேரளத்திலும் தமிழகத்திலும் தரப்பட்ட, இந்தியச் செயற்கைக்கோள் வழிகாட்டல் அமைப்பான நாவிக்கின் கருவி கரையின் செய்தியைப் படகுக்குக் கொண்டுவந்தது. படகால் பதில் சொல்ல முடியாது. 2024 ஜனவரியில் வெளியான இரண்டாம் தலைமுறைக் கருவியில் இரண்டும் சேர்ந்தன. அபாயச் செய்தி கிடைத்துவிட்டது என்ற ஒப்புகை படகுக்குத் திரும்பி வருகிறது. புயல் எச்சரிக்கை போன்ற செய்திகளை ப்ளூடூத் வழியாகக் கைபேசியில் சொந்த மொழியிலேயே படிக்கலாம்.