பிள்ளை எங்கே வளர வேண்டும்? 2004 சுனாமி தந்த பாடம்

ஐம்பதாண்டு காணும் நம் சங்கத்தின் மூத்தவர்களிடம் 2004 டிசம்பர் 26 பற்றிக் கேட்டால், ஊருக்குத் தொலைபேசியில் பேச முயன்று, லைன் கிடைக்காமல் தவித்ததைத்தான் முதலில் சொல்வார்கள். நம்மில் பலருடைய வேர் இருக்கும் சோழமண்டலக் கரையை அன்று கடல் அடித்தது. அதே அலை நமக்குப் பக்கத்திலிருக்கும் ஆச்சேயைச் சிதைத்தது. பினாங்கிலும் உயிர்களைக் கொண்டுபோனது. அந்தப் பேரிடரில் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் உதவி எப்படிப் போய்ச் சேர்ந்தது, எது பலன் தந்தது, எது வீணானது என்பதை இந்த மலரில் பதிந்து வைத்தால் அடுத்த தலைமுறைக்குப் பயன்படும்.

சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. 14 நாடுகளில் ஏறத்தாழ 230,000 பேர் மாண்டார்கள். ஆச்சேயில் மட்டும் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் 160,000-க்கும் மேல். இலங்கையில் 30,000-க்கும் அதிகம். தமிழ்நாட்டில் மாண்ட சுமார் 8,000 பேரில் 6,000-க்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

முதலில் ஓடிவந்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். நாகூர் தர்காவின் வாசல் எல்லா மதத்தவருக்கும் திறந்தது. உயிர் தப்பியவர்கள் அங்கே தங்கினார்கள். மாண்டவர்களை அடக்கவும் தர்கா இடம் தந்தது. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் உலை வைத்துச் சமைத்து, சுற்றியிருந்த மீனவக் கிராமத்தாருக்குச் சோறு போட்டார்கள். சிங்கப்பூர் ஆயுதப்படையின் கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் ஆச்சேயின் மெலாபோ நகரத்துக்கு விரைந்தன. நம் மக்கள் செஞ்சிலுவைச் சங்கத்திடம் அள்ளிக் கொடுத்த நிதி, பின்னர் அந்நகரத்து மருத்துவமனையைத் திரும்பக் கட்ட உதவியது.

இவ்வளவு நல்ல மனத்துக்கு நடுவில் வீணானதும் உண்டு. நான் பாலிடெக்னிக்கில் சரக்குப் போக்குவரத்து படித்துவிட்டுத் துணி வியாபாரத்துக்கு வந்தவன். ஆகவே அக்காலச் செய்திகளைப் படிக்கும்போது என் கண்ணில் பட்டது பழந்துணி. லாரி லாரியாக நாகைக்கு வந்து சாலையோரம் குவிந்து கிடந்தது. உழைத்துச் சாப்பிட்ட மீனவக் குடும்பங்கள், பிறர் உடுத்திக் கழித்ததைத் தொட மனம் ஒப்பவில்லை. ஏற்றுகூலி, இறக்குகூலி, லாரி வாடகை, பிரித்து அடுக்க ஆள், வைக்க இடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பணம் கையில் கிடைத்திருந்தால், தாய் தன் பிள்ளையின் அளவுக்குப் பக்கத்துக் கடையிலேயே புதுச்சட்டை எடுத்திருப்பாள். அந்தக் கடைக்காரருக்கும் பிழைப்பு நடந்திருக்கும்.

துணியைவிடப் பெரிய கேள்வி பிள்ளைகளைப் பற்றியது. பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தத்தெடுக்க உலகமெங்குமிருந்து கேட்டார்கள். இந்தோனேசிய அரசோ 2005 ஜனவரியில், 16 வயதுக்குட்பட்ட ஆச்சே பிள்ளைகளைப் பெற்றோர் இல்லாமல் மாநிலத்துக்கு வெளியே கொண்டுசெல்லத் தடை போட்டது. பிள்ளை கடத்துவோர் பற்றிய அச்சம் ஒரு காரணம். இன்னொரு காரணம், தனியே நிற்கும் பிள்ளையின் தாயோ மாமாவோ வேறொரு முகாமில் தேடிக்கொண்டிருக்கலாம் என்பது.

இலங்கையின் கல்முனையில் நடந்தது இதற்குச் சான்று. கரையில் கண்டெடுத்த கைக்குழந்தையை மருத்துவமனையில் சேர்த்தபோது 81-ஆவது நோயாளி என்று பதிந்தார்கள். ஒன்பது தம்பதிகள் அதற்கு உரிமை கொண்டாடுவதாக உலகமெங்கும் செய்தி பரவியது. ஆனால் நீதிமன்றத்தில் முறைப்படி கேட்டது ஒரே தம்பதிதான். மரபணுச் சோதனை அவர்களே பெற்றோர் என்று காட்ட, 2005 பிப்ரவரியில் குழந்தை தாய்மடிக்குத் திரும்பியது. யாராவது இரக்கப்பட்டு முதல் வாரத்திலேயே அதைத் தூக்கிச் சென்றிருந்தால்?

இந்தப் பாடத்தை உலகம் போரில் கற்றது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு அஞ்சி, லண்டன் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பினார்கள். லண்டனிலேயே ஹாம்ஸ்டெட்டில் காப்பகம் நடத்திய அன்னா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்கமும், குண்டுச் சத்தத்தைக் காட்டிலும் தாயைப் பிரிந்ததே சின்னஞ்சிறு பிள்ளைகளை அதிகம் வாட்டியதைக் கண்டு எழுதினார்கள்.

நமக்கோ இது இன்னும் பழைய பாடம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்கும் முன்பே தந்தையை இழந்தார்கள். ஆறு வயதில் தாயையும் இழந்தார்கள். பாட்டனார் அப்துல் முத்தலிப் வளர்த்தார். அவருக்குப் பின் பெரிய தந்தை அபூதாலிப் ஏற்றுக்கொண்டார். அபூதாலிப் செல்வந்தரல்லர், பிள்ளைகள் நிறைந்த வீடு அவருடையது. ஆச்சேயிலும் பெற்றோரை இழந்த பிள்ளைகளில் பெரும்பாலோரை ஏற்றுக்கொண்டது இப்படிப்பட்ட வீடுகள்தாம். வீடிழந்த பாட்டியும் மாமியும் தங்கள் சோற்றில் இன்னொரு தட்டு வைத்தார்கள்.

உறவே இல்லாத பிள்ளைக்குக் காப்பகம் வேண்டும், மறுப்பதற்கில்லை. நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா அரசுக் காப்பகம் அப்படிப் பல பிள்ளைகளை வளர்த்தது. அன்று ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன், வேறு பதவிகளுக்குப் போன பின்னும் அவர்களை மறக்கவில்லை. அங்கே வளர்ந்த பெண்ணின் திருமணத்துக்கும் வந்து நின்றார். கட்டடத்தோடு அப்படி ஒரு மனிதரும் இருந்ததால்தான் அது வீடானது.

அன்பிற்குரிய சங்கக் குடும்பத்தாரே, இன்னொரு பேரிடர் நாளில் நம்மிடம் மீண்டும் உதவி கேட்டு வருவார்கள். வெளிநாட்டு நிவாரணத்துக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட இங்கே முன் அனுமதி வேண்டும். அதை முறையாகப் பெற்ற அமைப்பின் வழியே கொடுப்போம். பொருளைவிடப் பணமாகக் கொடுப்போம். கொடுக்கும்போது, பிள்ளையை ஏற்றுக்கொண்ட உறவினர் வீட்டுக்கு என்ன போகிறது என்று கேட்போம். முதல் மாதம் எல்லோரும் கொடுப்பார்கள். பள்ளிக்கூடச் செலவு வரும் மூன்றாம் ஆண்டில் அந்தப் பாட்டியின் கதவைத் தட்ட ஆள் இருக்காது. நம் சங்கம் சேர்க்கும் தொகையில் ஒரு பங்கை அந்த மூன்றாம் ஆண்டுக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதற்கான மனத்தையும் பரக்கத்தையும் அல்லாஹ் நமக்குத் தருவானாக, ஆமீன்.