மேடை ஒலியும் ஒரு நெடுந்தயக்கமும்

புதுமையை ஏற்கத் தயங்குவோரைப் பழமைவாதிகள் என்று ஏசுவது எளிது. ஆயினும் எல்லாத் தயக்கமும் அறியாமையால் விளைவதன்று. மேடை ஒலியமைப்பின் அண்மைக்கால வரலாறு இதற்குச் சான்று பகர்கிறது.

ஒலியை எண்களாக மாற்றிப் பதிவு செய்யும் டிஜிட்டல் முறை, 1972-ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் இசைத்தட்டுத் தயாரிப்பில் இடம்பெற்றுவிட்டது. 1982-இல் காம்பாக்ட் டிஸ்க் விற்பனைக்கு வந்தது. 1987-இல் யமஹா நிறுவனம் டிஎம்பி7 என்னும் சிறிய டிஜிட்டல் மிக்சரை வெளியிட்டது. அப்படியிருந்தும், பெரிய இசை நிகழ்ச்சிகளில் டிஜிட்டல் மிக்சர்கள் பரவத் தொடங்கியது 2000-ஆம் ஆண்டையொட்டித்தான். யமஹாவின் பிஎம்1டியும், 2002-இல் இங்கிலாந்தின் டிஜிகோ நிறுவனம் கொணர்ந்த டி5-உம் அதில் முன்நின்றன. பதிவுக்கூடத்திற்கு வந்தது மேடையேற ஏன் இத்தனை ஆண்டுகள்?

பதிவுக்கூடத்தில் பிழை நேர்ந்தால் பாடகர் மீண்டும் பாடுவார். மேடையில் மறுமுறை என்பது இல்லை. பழைய அனலாக் மிக்சரில் ஒரு சேனல் பழுதானால் ஒரு மைக் மட்டுமே ஊமையாகும். ஒலிப் பொறியாளர் வயரைப் பிடுங்கி வேறொரு சேனலில் செருகிவிட்டு வேலையைத் தொடர்வார். டிஜிட்டல் மிக்சரோ உள்ளபடியே ஒரு கணினி. அது நின்றால் அரங்கமே ஊமை. அந்த அமைதிக்கான பழி, இயந்திரத்தைச் செய்தவரையன்று, அதன்முன் நிற்பவரையே சேரும்.

கைப்பழக்கமும் தடையாயிற்று. அனலாக் மிக்சரில் ஒவ்வொரு குமிழுக்கும் ஒரே வேலை. ஒலிபெருக்கி வீறிட்டு ஊளையிடும் கணத்தில், கண் பாராமலே விரல் உரிய இடத்திற்குச் செல்லும். டிஜிட்டலில் அதே குமிழ் இப்போது பாடகருக்கு, மறுகணம் டிரம்ஸுக்கு. இருபதாண்டுப் பயிற்சி ஒரே நாளில் பயனற்றுப் போவதை யார்தான் விரும்புவர்?

தாமதம் பற்றிய அச்சமும் இருந்தது. ஒலி எண்ணாகி மீண்டும் ஒலியாக ஓரிரு மில்லி விநாடிகள் ஆகும். காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 34 செ.மீ. கடக்கிறது, ஆக, ஒலிபெருக்கியை இரண்டடி தள்ளி வைத்ததற்கே அது ஈடு. இதைப் பெரிதுபடுத்தியது மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் காதுக்குள் கருவி பொருத்திப் பாடுபவர் நிலை வேறு. தம் குரல் எலும்பின் வழியே உடனேயும், கருவியின் வழியே சற்றுப் பிந்தியும் கேட்டுக் கலப்பதால், குரலின் நிறமே மாறுகிறது என்று அவர் முறையிடுவதில் உண்மையுண்டு.

விலையைச் சொல்லவே வேண்டாம். 2012-இல் பெரிங்கர் எக்ஸ்32 வந்தபின்னரே சிறு குழுக்களுக்கும் அது எட்டியது.

தயங்கியவர்களின் அச்சத்திற்கு இயந்திரத்திலேயே விடை தேடப்பட்டது. 2007-இல் டிஜிகோவின் எஸ்டி7 இரட்டைச் செயலகங்களுடன் வந்தது; ஒன்று நின்றால் மற்றொன்று பணியை ஏற்கும். பல குழுக்கள் அடுத்தடுத்துப் பாடும் விழாக்களில், குமிழ்களின் நிலையைத் தாளில் குறித்துவைத்துத் திருப்பியமைத்த வேலை நொடிகளில் முடிந்தது. கனத்த வடங்களுக்கு மாறாக மெல்லிய கம்பிகள் வந்தன. இத்தனைக்குப் பின்னும், மைடாஸ் எக்ஸ்எல்4 போன்ற பழைய அனலாக் மிக்சர்களையே கேட்டுப் பெறும் பொறியாளர் சிலர் மேலைநாடுகளில் இன்றும் உள்ளனர். அதைத் தூக்கிவைக்க நான்கைந்து பேர் வேண்டும் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டன்று.